பாட்டு வாங்கியவரிடம், சாவி விற்றவரிடம்

நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் சென்ற முறை ஊருக்கு வந்தபோது பழைய மடிக்கணினி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தான். பேட்டரி உப்பிப்போய், வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும் நிலை. அதற்குள் 412 பாட்டுகள். 2004 முதல் 2007 வரை இணையக் கடை ஒன்றில் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் கொடுத்து வாங்கிய ஜாஸ் இசை. பழைய கணினியில் பாடுகிறது. புதிய கணினியில் நகலெடுத்துப் போட்டால் கோப்பு சமர்த்தாகப் போய் உட்காருகிறது. தட்டினால் கடவுச்சொல் கேட்கிறது. அது மறந்துபோய்விட்டது. புதிதாக மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கான மின்னஞ்சல் அவன் எப்போதோ விட்டு விலகிய கம்பெனி முகவரிக்குப் போகிறது. “காசு குடுத்து வாங்குன பாட்டுண்ணே, திருடுனதா?” என்றான்.

திருடியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. திருட்டு எம்பி3 எந்தக் கருவியிலும் பாடும். விலை கொடுத்தவர் மட்டும் பூட்டோடு வாங்கினார்.

அந்தப் பூட்டின் வேலை எளிமையானது. பாட்டுக் கோப்பு சங்கேதமாக்கப்பட்டு நம் கணினிக்கு வருகிறது. அதைத் திறக்கும் சாவியைக் கடையின் சர்வர், நம் கணக்கைச் சரிபார்த்த பிறகு, நம் கணினிக்கு அனுப்புகிறது. கணினி மாறினால் மறுபடியும் சர்வரிடம் போய் நிற்க வேண்டும். ஆப்பிள் 2003 ஏப்ரல் 28 அன்று ஐட்யூன்ஸ் கடையைத் திறந்தபோது பாட்டு 99 சென்ட். ‘ஃபேர்ப்ளே’ என்று பூட்டுக்குப் பெயர். முதலில் 3 கணினிகள், பிறகு 5 கணினிகள் வரை அனுமதி. பாடும் கையடக்கக் கருவி என்றால் அப்போது ஐபாட் மட்டும். இந்தப் பூட்டைப் போட்டி நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்க ஆப்பிள் மறுத்தது. 2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் தன் கடைப் பாட்டுகள் ஐபாடில் பாடும்படி ‘ஹார்மனி’ என்ற வழியைக் கண்டுபிடித்தது. அதை ஹேக்கர்களின் உத்தி என்று ஆப்பிள் கண்டித்தது. பின்னர் வந்த ஐபாட்களில் அந்த வழி அடைபட்டது.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் ஒரு படி மேல். 2004இல் ‘பிளேஸ்ஃபார்ஷ்யூர்’ என்று ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. கட்டாயம் பாடும் என்று அந்தப் பெயரே வாக்குக் கொடுத்தது. 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஸூன்’ கருவியில் அந்த முத்திரைப் பாட்டுகள் பாடவில்லை! அதே மாதம் தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்பனையையும் நிறுத்தியது. 2008 ஏப்ரலில் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் போனது: ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய கணினிகளுக்குச் சாவி தர மாட்டோம். எதிர்ப்பு கிளம்பியதும் கெடுவை 2011 இறுதிவரை தள்ளிவைத்தார்கள். அதே 2008இல் யாகூவும் வால்மார்ட்டும் இதே அறிவிப்பைச் செய்தன. யாகூ இழப்பீட்டுக்கு இறங்கிவந்தது, வால்மார்ட் முடிவைத் திரும்பப் பெற்றது. மூன்று பெரிய நிறுவனங்கள், ஒரே ஆண்டு. கடையைச் சாத்திவிட்டுப் போகும் வியாபாரி, ஏற்கெனவே விற்ற பெட்டிகளின் சாவிக்கொத்தையும் இடுப்பில் செருகிக்கொண்டு போவதை வேறெந்தத் தொழிலில் பொறுத்துக்கொள்வோம்?

கள்ளப்பிரதியைத் தடுக்கவே பூட்டு என்று இசைக் கம்பெனிகள் சொல்லிவந்தன. அந்த வாதத்தை உடைத்தவர் பூட்டுப் போட்டு விற்ற ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸேதான். 2007 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. 2006இல் இணையக் கடைகள் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டு அதே இசைக் கம்பெனிகள் சிடியில் பூட்டே இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். வாசல் கதவு திறந்து கிடக்க, ஜன்னலுக்கு மட்டும் தாழ்ப்பாள்.

கம்பெனிகள் மனம் மாறியது இந்தக் கணக்கைப் பார்த்து அல்ல என்பது என் எண்ணம். ஐபாட் வைத்திருப்பவர் ஆப்பிள் கடையைத் தவிர வேறெங்கும் பூட்டிய பாட்டை வாங்க முடியாது. அதனால் விலையை ஆப்பிளே நிர்ணயித்தது. தாங்கள் கேட்டு வாங்கிய பூட்டு தங்கள் கழுத்திலேயே விழுந்திருப்பதை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். 2007 ஏப்ரலில் ஈஎம்ஐ என்ற இசைக் கம்பெனி பூட்டை எடுக்கச் சம்மதித்தது. செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத எம்பி3 விற்பனையைத் தொடங்கியது. 2008 ஜனவரிக்குள் நான்கு பெரிய இசைக் கம்பெனிகளும் அங்கே வந்துவிட்டன. 2009 ஜனவரியில் ஆப்பிளும் பூட்டை முழுதாக எடுப்பதாக அறிவித்தது. ஆனால் முன்பே வாங்கியவர்கள் தங்கள் பாட்டைப் பூட்டில்லாமல் பெற, பாட்டுக்கு 30 சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றது. வாங்கிய பொருளுக்கு மீட்புத் தொகை!

தம்பியின் பாட்டுகளுக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே நேர்வழி, பழைய கணினியில் சிடியாக எரித்து, அந்த சிடியைப் புதிய கணினியில் மீண்டும் கோப்பாக்குவது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெற்று சிடி கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். ஒரு சிடியில் 80 நிமிடம், சுமார் 17 பாட்டு. 412 பாட்டுக்கு 25 சிடி. இரண்டு மதியங்கள் உட்கார்ந்து ஐந்து சிடி முடித்தோம். மறுமுனையில் வந்த பாட்டுகளுக்குப் பெயரில்லை. ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்றே இருந்தன. பாடகர், ஆல்பம், ஆண்டு எல்லாம் கையால் அடிக்க வேண்டும். ஏற்கெனவே சுருக்கிய ஒலியை மறுபடி சுருக்குவதால் தரமும் தேய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதே தவறு. நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு சற்றே கருணையுள்ளது: பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் இரண்டு ஆண்டு வரை சிறை. சொந்த உபயோகத்துக்கு இடம் உண்டு. ஆனால் திறந்து கொடுக்கும் கடமை எதையும் அந்தப் பிரிவு விற்பவர் மீது வைக்கவில்லை. உரிமை ஏட்டில் இருக்கிறது, சாவி சர்வரில் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் பாட்டு வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான், மாதச் சந்தா கட்டிக் கேட்பவர் வாடகைக்காரர், வீடு தனதென்று அவர் நினைப்பதில்லை. 2024இல் விங்க் மியூசிக் செயலி மூடப்பட்டபோது கேட்பவர்கள் வேறு செயலிக்குப் போனார்கள். ஆப்பிள் மியூசிக்கிலிருந்து யூடியூப் மியூசிக்குக்குப் பட்டியலை மாற்றும் வசதியும் அந்த ஆண்டே வந்தது. பட்டியல்தான் போகும், பாட்டு போகாது. ஆனால் மின்னூல், திரைப்படம், கணினி விளையாட்டு எல்லாம் இன்றும் பெரும்பாலும் ‘வாங்கு’ என்ற பொத்தானோடும் பழைய பூட்டோடும்தான் விற்கப்படுகின்றன. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல், உண்மையில் உரிமம் மட்டுமே தருகிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று எழுதக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்திருக்கிறது. சரியான தொடக்கம், ஆனால் போதாது. ஏமாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்வதால் ஏமாற்று இல்லாமல் போய்விடாது.

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வந்தது. மின்வணிக விதிகள் 2020இல் வந்தன. அந்த விதிகளில் இரண்டே வரிகளைச் சேர்க்கலாம். பூட்டிய டிஜிட்டல் பொருளை விற்றவர் சாவி சர்வரை நிறுத்துமுன் பூட்டில்லாத பிரதியைக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் வாங்கிய விலையைத் திருப்பித் தர வேண்டும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். பழைய கணக்கு எதிலாவது விலை கொடுத்து வாங்கிய பாட்டோ நூலோ உங்களுக்கு இருந்தால், அந்தக் கணக்கின் மின்னஞ்சல் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பூட்டில்லாத பிரதி கிடைக்குமானால் உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.