அட்டை ஒன்று, கட்டணம் மூன்றா?

மும்பையில் பஸ் ஏறிய எந்தத் தமிழருக்கும் "சுட்டா" என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வார்த்தை அது. சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டருடன் வாக்குவாதம். மீதிக் காசை மறந்து இறங்கினால் நஷ்டம்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் பயண அட்டை வந்திருக்கிறது. முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் அருகே அட்டையைக் காட்டினால் கட்டணம் தானாகக் கழிந்துவிடும். தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் தொழிலாளியும் குமாஸ்தாவும் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அட்டை வந்ததால் பயணச் செலவு குறையுமா என்பதே அது.

ஊர் மாறினாலும் ஒரே அட்டை

முன்பு ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி அட்டை. டெல்லி மெட்ரோ அட்டை பெங்களூரில் செல்லாது. இதை மாற்ற, எல்லா நகரங்களுக்கும் பொதுவான தேசியப் பயண அட்டைத் திட்டத்தை 2019 மார்ச் 4-ந்தேதி ஆமதாபாத்தில் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். ரூபே முறையில் அமைந்த அட்டை இது.

மும்பையில் 2ஏ, 7 ஆகிய மெட்ரோ வழித்தடங்களுக்கு இந்த வகை அட்டை 2023 ஜனவரி 19-ந்தேதி அறிமுகமானது. சென்னையில் இதே வகையில் 'சிங்காரச் சென்னை' அட்டை 2023-ல் மெட்ரோ ரெயிலுக்கு வந்தது. 2025 ஜனவரி 6-ந்தேதி முதல் மாநகரப் பஸ்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பொங்கலுக்கு ஊர் போகிறவர், இங்கே வாங்கிய அட்டையைச் சென்னை மெட்ரோவிலும் பயன்படுத்தலாம் என்பதே இத்திட்டத்தின் நோக்கம்.

பணம் எங்கே இருக்கிறது?

இந்த அட்டைக்கு இரண்டு பைகள் உண்டு. ஒன்று வங்கியின் கணக்கில் இருப்பது. மற்றொன்று அட்டைக்குள் பதித்திருக்கும் சில்லில் இருப்பது. பஸ்சிலும் மெட்ரோ வாசலிலும் கழிவது இரண்டாவது பையிலிருந்துதான். வங்கியைக் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தால் வாசலில் கூட்டம் தேங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

செல்பேசி மூலம் பணம் ஏற்றியவர் சிலர், "பணம் போய்விட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை" என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான். பணம் முதல் பையில் நிற்கிறது. ஸ்டேஷனில் உள்ள கருவியில் அட்டையை வைத்து, அதை இரண்டாவது பைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சில்லில் உள்ள பணம் கையில் உள்ள ரொக்கம் மாதிரி. அட்டை தொலைந்தால் அதுவும் போனதுதான். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றி வைப்பது புத்திசாலித்தனம்.

முகவரிச் சான்று இல்லாமல் அலையும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. பயணத்துக்கு மட்டும் பயன்படும் அட்டைகளை, ஆவணங்கள் கேட்காமலே வழங்க ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அனுமதி அளித்தது. இந்த அட்டையில் ரூ.3 ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஏற்றிய பணத்தை ரொக்கமாகத் திரும்பப் பெறவும் முடியாது.

ஒரே டிக்கெட் வேறு, ஒரே கட்டணம் வேறு

பஸ்சுக்கும் லோக்கல் ரெயிலுக்கும் பொதுவான அட்டை மும்பைக்குப் புதிதல்ல. 2007-ல் 'கோ மும்பை' என்ற அட்டை வந்தது. அது நிலைக்கவில்லை. லோக்கல், மெட்ரோ, பஸ் அனைத்துக்கும் ஒரே அட்டை வரும் என்று 2025 ஏப்ரலில் மீண்டும் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி, 11 போக்குவரத்து அமைப்புகளை இணைக்கும் 'மும்பை ஒன்' என்ற செல்பேசிச் செயலி தொடங்கப்பட்டது. ஆரே காலனியிலிருந்து தாராவி வழியாகக் கபே பரேடு வரை மூன்றாவது மெட்ரோ வழித்தடம் முழுமை பெற்றதும் அதே நாளில்தான்.

ஒரே டிக்கெட்டில் பல வண்டிகளில் போகலாம் என்பது முன்னேற்றமே. ஆனால் ஒரே டிக்கெட் என்பது வேறு, ஒரே கட்டணம் என்பது வேறு.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து ஒரு பஸ், பிறகு மெட்ரோ, இறங்கியபின் இன்னொரு பஸ் என்று வேலைக்குப் போகிறார் ஒருவர். சாதாரண பஸ்சில் குறைந்தபட்சக் கட்டணம் ரூ.10. மெட்ரோவிலும் குறைந்தபட்சம் ரூ.10. எல்லாமே மிகக் குறைந்த தூரம் என்று வைத்துக்கொண்டாலும், போக ரூ.30, வர ரூ.30. மாதம் 26 நாள் வேலைக்கு ரூ.1,560.

2025 மே 9-ந்தேதிக்கு முன்பு பஸ்சின் குறைந்தபட்சக் கட்டணம் ரூ.5 ஆக இருந்தது. அப்போது இதே பயணத்துக்கு ரூ.1,040 போதும். இந்த ரூ.520 வித்தியாசத்தை எந்த அட்டையும் ஈடு செய்யாது. வண்டி மாறும் ஒவ்வொரு தடவையும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகப் பிடிக்கப்படுகிறது. முன்பு மூன்று இடத்தில் கொடுத்ததை இப்போது ஒரே இடத்திலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

தென்கொரியத் தலைநகர் சியோலில் 2004-ல் அட்டையோடு கட்டண முறையையும் சேர்த்தே மாற்றினார்கள். பஸ்சிலிருந்து ரெயிலுக்கு மாறினாலும் அது ஒரே பயணம். மொத்தத் தூரத்துக்கே கட்டணம். லண்டனில் அட்டை 2003-ல் வந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்ற உச்சவரம்பு 2005-ல் வந்தது. அந்த அட்டைகளை மக்கள் விரும்பியதற்குக் காரணம் பளபளப்பு அல்ல; பையில் மிஞ்சிய காசு.

பாஸ் என்ன ஆகும்?

கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிறவர்களுக்கு உயிர்நாடி லோக்கல் ரெயில் பாஸ். இரண்டாம் வகுப்பில் 15 தடவை போகும் கட்டணத்தில் மாதம் முழுவதும் பயணம் செய்யலாம். 2014 ஜூனில் இதை 30 தடவைக் கட்டணமாக்க ரெயில்வே முயன்றது. பலத்த எதிர்ப்பு எழுந்ததும் அரசு பின்வாங்கியது.

ஒவ்வொரு பயணத்துக்கும் காசு கழிக்கும் அட்டையை இந்தப் பாஸோடு எப்படிப் பொருத்துவது என்பதே சிக்கலான இடம். லோக்கல் ஸ்டேஷன்களில் மெட்ரோ போலத் தானியங்கிக் கதவுகள் இல்லை. காலை நேர நெரிசலில் அவற்றை வைப்பதும் எளிதல்ல. பாஸ் சலுகை அப்படியே அட்டைக்குள் வரவேண்டும். நவீனமயம் என்ற பெயரில் அந்தச் சலுகை கரைந்துவிடக்கூடாது.

அதிகாரிகள் மூன்று காரியங்களைச் செய்தால் போதும். குறிப்பிட்ட நேரத்துக்குள் வண்டி மாறினால் இரண்டாவது குறைந்தபட்சக் கட்டணம் கூடாது. லோக்கல் பாஸ் உள்ளவருக்குப் பஸ்சில் சலுகை வேண்டும். அட்டையும் செல்பேசியும் இல்லாத கூலித் தொழிலாளிக்கு ரொக்க டிக்கெட் என்றும் கிடைக்க வேண்டும்.

அட்டை வந்தால் சில்லறைத் தகராறு தீரும். சம்பளக் கவரிலும் கொஞ்சம் மிஞ்சினால்தான் அது சாமானியனின் அட்டை.