அம்புக்குறிக்குள் அழிந்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் மடிக்கணினியைத் திறந்துவைத்துச் சொன்னான்: “மாமா, நடுவுல இருக்குற புரோக்கரைத் தூக்கிட்டா போதும். விவசாயிக்கும் லாபம், வாங்குறவங்களுக்கும் லாபம்.” சில வருடங்களில் இதை என்னிடம் சொல்லும் நான்காவது பையன் இவன். திரையில் ஒரு வயல், ஒரு வீட்டு வாசல், இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

இந்தப் பையன்கள் புரோக்கர் என்பது காய்கறி மண்டிக்காரரை. அவர் உட்கார்ந்த இடத்தில் தின்கிறவர், ஓர் ஆப் வந்தால் அவர் கதை முடிந்தது என்கிறார்கள். 2020 மே மாதத் தொடக்கத்தில் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடினார்களே, அப்போது என்ன நடந்தது? இவர்கள் கேட்டபடியே நடுவில் இருந்தவர்கள் விலகினார்கள். விவசாயி செழித்தாரா? ஊரில் காய் தேங்கியது, சென்னையில் விலை ஏறியது. சில நாட்களிலேயே திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட வேண்டியதாயிற்று. அங்கே போய் உட்கார்ந்தவர்கள் யார்? அதே மொத்த வியாபாரிகள்தான்.

தக்காளி பறிப்பு ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. பழம், செங்காய், பொடிசு, வெடித்தது எல்லாம் ஒரே தோட்டத்தில் வரும். மண்டிக்காரர் மொத்தத்தையும் இறக்குகிறார். நல்லது ஒரு கடைக்கு, பொடிசு தள்ளுவண்டிக்கு, நசுங்கியது அன்றைக்கே சட்னி அரைக்கும் மெஸ்ஸுக்கு. எந்தத் தரத்துக்கு யார் ஆள் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. ஆப் கேட்பது முதல் தரம் மட்டும். மீதியை விவசாயி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

கடன் இன்னொன்று. நாற்று வாங்க முன்பணம் தருகிறவர் பெரும்பாலும் மண்டிக்காரர்தான். விடிகாலையில் கூடை எடுக்கும் தெருவியாபாரி அம்மாவிடம் சாயங்காலம் காசு வாங்கிக்கொள்கிறவரும் அவர்தான். எந்த ஆப் அந்த அம்மாவை நம்பும்? மண்டியில் எடை மோசடி இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அதைத் தராசில் பிடியுங்கள்.

உழவர் சந்தையைக் காட்டுவார்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய நல்ல திட்டம் அது, நானும் அங்கேதான் வாங்குகிறேன். அங்கே தரகர் இல்லை, ஆனால் தரகரின் வேலை இருக்கிறது. இருட்டில் எழுந்து, பஸ் பிடித்து, தராசு வைத்து உட்கார்ந்து அதை விவசாயியே செய்கிறார்.

அரைக்கிலோ தக்காளியை வீட்டுக்குக் கொண்டுவரும் பையனின் பெட்ரோல் செலவை அந்தத் தக்காளி தாங்குமா? அமெரிக்காவில் மளிகையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்த வெப்வான் என்ற நிறுவனம் நல்ல சாலை, குளிர்சாதனக் கிடங்கு, கோடிக்கணக்கான டாலர் முதலீடு எல்லாம் வைத்துக்கொண்டு 1999-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2001 ஜூலையில் திவால். இங்கே பெப்பர்டாப் 2016-இல் மளிகை விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. தாக்குப்பிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? பிக்பாஸ்கெட் ஊர் ஊராகக் கொள்முதல் மையம் திறந்தது, ஆள் வைத்துத் தரம் பிரித்தது. அதுதானே மண்டி?

இந்தப் பையன்கள் மீது எனக்கு அவ்வளவு கோபமில்லை. பொறியியல் கல்லூரிகளில் வாராவாரம் தொழில் யோசனைப் போட்டி வைத்து, ஐந்து நிமிடத்தில் பேசச் சொல்லி, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம். அந்தத் தீர்ப்பாளர்களில் ஒருவராவது விடியுமுன் கோயம்பேட்டில் நின்று மூட்டை இறங்குவதைப் பார்த்திருப்பாரா? கணக்கெழுதும் பிள்ளை, சுமை தூக்குகிறவர், கூடைக்கார அம்மா எல்லோரையும் ‘தரகர்’ என்ற ஒரு சொல்லில் அடைத்து ஒட்டுண்ணி என்கிறார்கள். தங்கள் வீட்டை விற்றுக்கொடுத்த தரகரிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார்கள்.

கோயம்பேடு மூடிய கதையை அக்கா மகனிடமும் சொன்னேன். “அது கொரோனா மாமா, அது வேற” என்றான். வேறில்லை. நடுவில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாம் கண்ணால் பார்த்த நாட்கள் அவை. இப்போது அந்த ஆப்புக்காக அவன் கேட்பது அத்தானின் ஓய்வுக்காலப் பணத்தை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிச் சேர்த்த பணம். அன்று இரவே போன் போட்டு, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். அக்கா என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது.