அறுகம் குடாவின் கரை யாருக்குரியது?

கிழக்கிலங்கையின் பொத்துவில் நகரை அடுத்துள்ள அறுகம் குடாவில் ஆண்டுதோறும் சித்திரை பிறந்ததும் ஒரு பருவம் தொடங்குகின்றது. தென்மேல் பருவக்காற்று நாட்டின் மேற்கு, தெற்குக் கரைகளைக் கொந்தளிக்கச் செய்யும் அந்த மாதங்களில் அலைச்சறுக்கு விளையாட்டை நாடி ஐரோப்பாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வரும் இளைஞர், யுவதிகளால் அந்தச் சிறிய கடற்கரைத் தெரு நிரம்பி வழிகின்றது. ஒக்டோபரில் காற்று மாறியதும் அவர்களிற் பெரும்பாலானோர் ஹிக்கடுவைக்கும் வெலிகமைக்கும் பெயர்ந்து விடுவர். ஆயினும், பருவம் முடிந்த பின்னரும் திரும்பிச் செல்லாது, சில மாதங்களோ சில ஆண்டுகளோ அங்கேயே தங்கிவிட விரும்புவோரும் உண்டு. கடலோரத்தில் ஓய்வு வாழ்வைக் கழிக்க வேண்டும் என்ற ஆசை மனித இயல்பானது. அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால், அவர்கள் வந்து தங்கும் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் மக்களின் நிலை என்னவாகப் போகின்றது என்ற கேள்வியே இன்று கவனத்திற் கொள்ளப்பட வேண்டியதாகும்.

'உல்லை' என்று ஊர்மக்கள் வழங்கும் இக்கரையின் வரலாறு ஏனைய உல்லாசப் பயணத் தலங்களின் வரலாற்றிலிருந்து வேறுபட்டது. பெந்தோட்டை, 1960களின் பிற்பகுதியில் அரசாங்கம் திட்டமிட்டு உருவாக்கிய தலமாகும். பாசிக்குடா, 2009 இல் போர் முடிவுற்ற பின்னர் பெரும் முதலீட்டாளர்களுக்குக் காணிகள் வழங்கப்பட்டுப் பெரிய ஹோட்டல்களால் நிரப்பப்பட்டது. அறுகம் குடாவோ எவரும் திட்டமிடாமல் வளர்ந்த ஊர். 1970களில் அலையைத் தேடி வந்த ஒரு சிலருக்குத் தம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்த குடும்பங்களே பின்னர் ஓலைக் குடிசைகளை அமைத்தன. விருந்தினர் விடுதிகளைக் கட்டின. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் இத்தொழிலில் பங்காளிகளாயினர். பெருமூலதனத்தின் துணையின்றி உள்ளூர் மக்களின் கைகளினாலேயே கட்டியெழுப்பப்பட்ட ஓர் உல்லாசப் பயணத் தலம் இந்நாட்டில் இருக்குமாயின், அது இதுவே எனலாம். அந்தச் சிறப்பு நிலைக்குமா என்பதே கேள்வி.

இக்கேள்வி முதன்முறையாக எழவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி சுனாமிப் பேரலை இக்கரையைத் துடைத்தெறிந்தது. உறவுகளையும் உடைமைகளையும் இழந்த மக்கள் மீண்டும் தம் காணிகளில் குடியேற முனைந்தபோது, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் தூரத்திற்கு எவரும் வீடு கட்டலாகாது என்ற விதி குறுக்கே நின்றது. அதே கடுமையுடன் அவ்விதி உல்லாச விடுதிகளுக்குப் பிரயோகிக்கப்படவில்லை என்று மக்கள் குற்றஞ்சாட்டினர். 2005 இல் அரசாங்கத்தின் மீள்கட்டுமானச் செயலணி முன்வைத்த அறுகம் குடா அபிவிருத்தித் திட்டம், வசதி படைத்த பயணிகளுக்கான ஒரு புதிய நகரத்தையே கண்முன் கொண்டிருந்தது. மீனவரும் சிறு விடுதி உரிமையாளரும் வீதிக்கு இறங்கி அதனை எதிர்த்தனர். கனேடிய எழுத்தாளர் நயோமி க்ளெய்ன் 2007 இல் வெளியிட்ட நூலொன்றில், அனர்த்தத்தைச் சாட்டாக வைத்து மக்களின் காணி கைமாறுவதற்கு உதாரணமாக இவ்வூரையே எடுத்துக்காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் தடைவலய விதி தளர்த்தப்பட்டது. மக்களும் திரும்பி வந்து தம் விடுதிகளை மீளக் கட்டினர்.

அயற்கிராமமான பாணமையின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2010 ஜூலையில் ராகம்வெல பகுதியில் பயிர்செய்து வாழ்ந்த குடும்பங்கள் தம் காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. அக்காணிகளில் படைமுகாமும், பின்னர் கடற்படையினரின் விடுதியும் அமைந்தன. காணிகளில் பெரும்பகுதியை விடுவிக்குமாறு 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தும், அத்தீர்மானத்தை நடைமுறைப்படுத்துமாறு கோரி மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதாயிற்று. கடற்கரைக் காணிக்கு விலை ஏறும்போது, அதில் வாழும் ஏழைக்கு அதுவே ஆபத்தாக மாறுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றைய ஆபத்து துப்பாக்கியோடும் வரவில்லை, அரசாங்க வர்த்தமானியோடும் வரவில்லை. அது குத்தகை ஒப்பந்தமாக வருகின்றது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வெளிநாட்டவருக்குக் காணியை உரிமை மாற்றுவதைத் தடை செய்துள்ளது. ஆனால் நீண்டகாலக் குத்தகைக்கு அது தடையாக இல்லை. சுனாமியின் பின் கடன்பட்டுக் கட்டிய விடுதியை 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலும், அடுத்து வந்த கொவிட் பெருந்தொற்றும், 2022 இன் பொருளாதார நெருக்கடியும் ஒன்றன்பின் ஒன்றாக மூடச் செய்தன. அவ்வாறு மூச்சுத்திணறிய ஒருவருக்குச் சில ஆண்டு வாடகையை ஒரே தடவையில் தர ஒருவர் முன்வந்தால், அவர் மறுப்பது கடினம். பணம் செலவாகிய பின்னர், நேற்றுவரை முதலாளியாக இருந்தவர் தன் சொந்தக் காணியிலேயே கூலிக்கு நிற்க நேரிடுகின்றது. வெளியாரின் வியாபாரத்திற்குத் தம் பெயரில் அனுமதிப்பத்திரம் பெற்றுக் கொடுக்கும் நம்மவரும் இதற்குப் பொறுப்பாளிகளே. குற்றத்தை முழுவதுமாக வந்தவர் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

இது அறுகம் குடாவுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. 2024 பெப்ரவரியில் தென்கரையின் உணவட்டுனையில் வெள்ளையருக்கு மட்டுமென விளம்பரஞ் செய்யப்பட்ட கேளிக்கை நிகழ்வொன்று நாடெங்கும் கண்டனத்திற்குள்ளாகிக் கைவிடப்பட்டது. உக்ரைன் போர் காரணமாக நீடிக்கப்பட்ட வீசாவில் தங்கியிருந்தோருள் சிலர் சட்டவிரோதமாக வியாபாரம் நடத்துகின்றனர் என்ற முறைப்பாடுகள் வலுத்திருந்த வேளையிலேயே அது நிகழ்ந்தது. தமது நாட்டின் கடற்கரையில் தமக்கே கதவடைக்கப்படுகின்றது என்று உள்ளூர் மக்கள் உணரத் தொடங்கினால், அந்தத் தலம் நெடுங்காலம் அமைதியாக இருக்காது.

அறுகம் குடாவில் இவ்வுணர்வு மேலும் சிக்கலானதொரு வடிவத்தை எடுத்துள்ளது. காஸாவின் அழிவைக் கண்டு உள்ளம் கொதித்திருக்கும் முஸ்லிம் ஊரொன்றின் அருகில், அந்நாட்டின் பயணிகள் பெருமளவில் வந்து தங்குகின்றனர். 2024 ஒக்டோபர் 23 ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம் குடாவுக்குச் செல்ல வேண்டாமெனத் தன் நாட்டவரை எச்சரித்தது. இஸ்ரேலும் தன் குடிமக்களை அங்கிருந்து வெளியேறுமாறு கேட்டுக்கொண்டது. பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் குவிக்கப்பட்டனர்; சிலர் கைது செய்யப்பட்டனர். அங்கு இயங்கும் யூத வழிபாட்டு மையத்தின் சட்டபூர்வத் தன்மை குறித்துப் பாராளுமன்றத்திலும் கேள்வி எழுப்பப்பட்டது.

இவ்விடயத்தில் இரண்டு உண்மைகளை ஒருசேர ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. முதலாவது, எந்நாட்டவராயினும் எம்மதத்தவராயினும் விருந்தினராக வந்தவருக்கு ஊறு விளைவிப்பதை எமது மரபும் சமயங்களும் அனுமதிப்பதில்லை. ஒரு வன்செயல் நிகழுமாயின் அதன் பழி முழுச் சமூகத்தின் மீதும் விழும் என்பதை 2019 இன் பின்னரான அனுபவம் முஸ்லிம்களுக்கு நன்கு உணர்த்தியுள்ளது. இரண்டாவது, உள்ளூர் மக்கள் எழுப்பும் நியாயமான சட்டக் கேள்விகளை வெறுப்பென முத்திரை குத்தி ஒதுக்கிவிடவும் கூடாது. சுற்றுலா வீசாவில் வந்தவர் வியாபாரம் செய்யலாமா, அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பலாமா என்ற வினாக்களுக்கு இஸ்ரேலியருக்கு ஒரு விடையும் ரஷ்யருக்கு ஒரு விடையும் ஐரோப்பியருக்கு ஒரு விடையும் இருக்க முடியாது. சட்டம் சகலருக்கும் ஒரே அளவுகோலாக இருந்தால் சந்தேகத்திற்கு இடமிராது. சட்டம் உறங்கும் இடத்திலேயே வதந்தி விழித்துக்கொள்கின்றது.

உல்லாசப் பயணத்துறை இந்நாட்டுக்கு அவசியமானது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. 2024 இல் இருபது இலட்சத்திற்கும் அதிகமான பயணிகள் வருகை தந்தமை, வங்குரோத்து நிலையிலிருந்து நாடு தலைநிமிர்வதற்குத் துணைபுரிந்தது. பொத்துவிலின் முச்சக்கரவண்டிச் சாரதிக்கும், மீன் விற்பவருக்கும், அலைச்சறுக்குப் பயிற்றுநராக உழைக்கும் இளைஞருக்கும் அந்த ஆறு மாத வருமானமே ஆண்டு முழுவதற்குமான சோறாகும். ஆகவே, வருபவரைத் தடுப்பதன்று, வரும் செல்வத்தில் ஊருக்கு உரிய பங்கை உறுதி செய்வதே தேவையாகின்றது.

இதற்குச் செய்ய வேண்டியவை சிக்கலானவையுமல்ல. நீண்டகாலமாக உறுதியின்றி வாழும் குடும்பங்களின் காணிப் பிரச்சினைக்கு முதலில் தீர்வு காணப்பட வேண்டும். உறுதி இல்லாதவனே மலிவாகக் குத்தகைக்குக் கொடுக்கின்றான். கடற்கரைக் காணிகளின் குத்தகைகள் யாவும் பிரதேச செயலகத்தில் பகிரங்கமாகப் பதியப்பட வேண்டும். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த வெளிநாட்டவர் இங்கு ஓய்வுக் காலத்தைக் கழிப்பதற்கு, வெளிநாட்டு நாணயத்தை வைப்பிலிட்டுப் பெறும் வீசாத் திட்டம் ஏற்கெனவே உண்டு. நீண்டகாலம் தங்க விரும்புவோர் அத்தகைய நேர்வழிகளில் வரட்டும். தோணிகளையும் படகுகளையும் கரையேற்றுவதற்கும் கரைவலை இழுப்பதற்கும் கடற்றொழிலாளருக்குரிய இடங்கள் அளந்து ஒதுக்கப்பட வேண்டும். விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடல் பார்க்க வரும் அக்கரைப்பற்றுக்காரரும் திருக்கோவில்காரரும், உகந்தை முருகனைத் தரிசித்துத் திரும்பும் அடியாரும், கூச்சமின்றி அமர்வதற்கான பொதுக் கரை எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

மாகாண சபைத் தேர்தல்கள் நடத்தப்படாமலே ஆண்டுகள் பல கழிந்துள்ள நிலையில், 2025 மே மாதத் தேர்தலின் மூலம் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர்களுக்கு இதில் பாரிய பொறுப்பு உண்டு. கொழும்பில் வரையப்படும் திட்டமொன்று இறுதி வடிவம் பெற்ற பின்னர் அதனை எதிர்த்து ஊர்வலம் போவதைவிட, ஊரே தன் திட்டத்தை முன்கூட்டி வரைந்து கொடுப்பது மேலானது. பொத்துவில் முஸ்லிம்களும், கோமாரித் தமிழர்களும், பாணமை மக்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் அது இயலாத காரியமன்று. மூன்று சமூகங்களும் தனித்தனியே பேரம் பேசும்வரை, காணியை வாங்க வருபவருக்கே அது வசதியாக இருக்கும். விருந்தோம்பல் என்பது வீடு தன்னுடையதாக இருப்பவனாலேயே இயலும். வீட்டை இழந்தவன் விருந்தளிக்க முடியாது என்பதை உரியவர்கள் காலந்தாழ்த்தாது உணர வேண்டும்.