லண்டனில் வைத்தியம் இலவசமாம்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், காலமெல்லாம் குழித்தறியில் மிதித்தே இரண்டு முழங்காலையும் தொலைத்தவர். தூணைப் பிடித்துக்கொண்டுதான் திண்ணையை விட்டு இறங்குகிறார். போன வாரம் தெருக்காரர் ஒருவர் அவரிடம் சொல்கிறார்: "உங்க பையன்தான் லண்டன்ல இருக்கானே! போய் ஃப்ரீயா ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாங்க. அங்க எல்லாம் கவர்மென்ட்டே பாத்துக்கும்." கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எது ஃப்ரீ? கம்ப்யூட்டர் வேலைக்குப் போன அந்தப் பையன், விசாவுக்கு மனுப் போடும்போதே ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். 2015இல் வருஷத்துக்கு 200 பவுண்டு என்று ஆரம்பித்தார்கள். 2024 பிப்ரவரியில் 1,035 ஆக்கிவிட்டார்கள். தலைக்கு 1,035! நம் பணத்தில் லட்சத்துக்கும் மேல். அதையும் வருஷா வருஷம் கட்ட முடியாது, விசாக் காலம் முழுவதற்கும் மொத்தமாக முதலிலேயே வைக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்கு மூன்று வருஷ விசா என்றால் 6,210 பவுண்டு. அங்கே இருக்கிற காலத்தில் ஒரு தும்மல் வராவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. சம்பளத்தில் வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ் பிடிப்பது தனி. நர்ஸ் போன்ற மருத்துவ வேலைக்குப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு. மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு 1,035தான்.

விசிட்டர் விசாவில் போகிற அப்பாவின் நிலைமை இன்னும் மோசம். மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவைப்போல ஒன்றரை மடங்கு கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே. லண்டன் மட்டுமல்ல, சிங்கப்பூரிலும் இதே கதைதான்: அங்கே வொர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் மானியமே கிடையாது.

"அண்ணாவே அமெரிக்கா போய்த்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்டார்" என்று இந்த ஊரில் சொல்லாதவர் இல்லை. 1968இல் முதலமைச்சருக்குக் கிடைத்த கவனிப்பு தறிக்காரருக்கும் கிடைக்குமா? அந்த அண்ணாவின் பெயரிலேயே காரப்பேட்டையில் 1969 முதல் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். உள்ளூர்க்காரருக்கோ அரசு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் கௌரவம் போய்விடும்! அரசு காப்பீட்டு அட்டை பீரோவில் தூங்குகிறது. கல்யாணத்துக்கு ஐம்பதாயிரத்துக்குச் சேலை எடுக்கிறவர்கள் அதை நெய்தவரின் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை; லண்டன் போகச் சொல்ல மட்டும் வாய் வருகிறது.

வெளிநாட்டுப் படிப்பு என்று போர்டு மாட்டிய ஏஜென்ட்டுகளுக்கும் இந்த 'லண்டன் இலவசம்' பொய்யில் பங்கு உண்டு. மாணவனுக்கும் வருஷத்துக்கு 776 பவுண்டு சர்சார்ஜ் உண்டு. பட்டாவை அடகு வைக்கும் அப்பனிடம் அதை முதல் நாளே சொல்கிறார்களா? 'இலவச மருத்துவம்' என்று நோட்டீஸ் அடிக்கும் கையால், அதற்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், அந்த 776ஐயும் 1,035ஐயும் அச்சடிக்கட்டும்.