காட்டு ஆர்க்கிடைத் தேடி

அஞ்சல்தலை சேர்ப்பதும் நாணயம் சேர்ப்பதும் நல்ல பொழுதுபோக்குகளே. எனினும், எதையும் வீட்டிற்குக் கொண்டுவராமலேயே வளரும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. காட்டு ஆர்க்கிடுகளைத் தேடிக் காண்பதும் அவற்றைக் கூர்ந்து நோக்கிக் கற்பதுமே அது. மாணவர்களுக்கு இதனினும் ஏற்ற பொழுதுபோக்கு அரிது என்பது என் கருத்து.

‘ஆர்க்கிடைக் காண மலைக்கன்றோ செல்ல வேண்டும்?’ என நீங்கள் கேட்கலாம். இந்தியாவில் ஏறத்தாழ 1,250 வகை ஆர்க்கிடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலைச் சரிவுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கின்றன என்பது உண்மையே. ஆயினும், சமவெளியில் வாழ்வோர் ஏங்க வேண்டியதில்லை. வங்காளத்திலும் ஒடிசாவிலும் பழைய மாமரக் கிளைகளில் வாண்டா டெசலேட்டா என்னும் ஆர்க்கிட் பற்றி வளர்கிறது. தில்லி, பஞ்சாப் பகுதிகளின் புல்தரைகளில் குளிர்காலத்தின் இறுதியில் சூக்சைன் என்னும் சிற்றார்க்கிட் வெண்ணிறமாய்ப் பூக்கிறது; அது ஒரு சாணுக்குமேல் பெரும்பாலும் வளர்வதில்லை. நாள்தோறும் அதனை மிதித்துச் செல்வோர் பலர். அசாமில் வாழும் மாணவர்களுக்குக் கபௌ பூவை நான் அறிமுகம் செய்ய வேண்டுமா? பிகு ஆடும் பெண்கள் கூந்தலில் சூடும், நரிவால் போன்ற அந்தப் பூங்கொத்தும் ஆர்க்கிடே.

மரத்தின்மேல் வளர்வதால் ஆர்க்கிடைப் புல்லுருவி எனக் கருதி வெட்டி எறிவோர் உளர். புல்லுருவி தன் வேரை மரத்தினுள் செலுத்தி நீரை உறிஞ்சும். ஆர்க்கிடோ மரத்தை இருக்கையாக மட்டுமே கொள்ளும். அதன் வேரைப் பஞ்சு போன்ற வெலமன் திசு போர்த்தியிருக்கும். மழைநீரை ஈர்ப்பது அத்திசுவே. உலர்ந்தபோது வெண்மையாகத் தோன்றும் வேர், நனைந்ததும் பசுமையாக மாறுவதை நீங்களே காணலாம்.

பூவையும் பொறுமையாகப் பாருங்கள். மூன்று புல்லியிதழ்கள், மூன்று அல்லியிதழ்கள். அல்லியிதழ்களுள் ஒன்று மட்டும் உருவம் மாறி, உதடுபோல் நீண்டு, பூச்சி வந்து இறங்கும் மேடையாகும். அம்மேடை கீழ்ப்புறம் அமைவதற்காக, பெரும்பாலான ஆர்க்கிடுகளில் மொட்டு விரியும் முன்பே காம்புப் பகுதி முறுக்கிக்கொள்கிறது. மகரந்தமோ பொடியாக இராமல் உருண்டையாகத் திரண்டு, வரும் பூச்சியின் உடலில் ஒட்டிக்கொள்கிறது.

கூர்ந்து நோக்குவதற்கு வயதும் பட்டமும் தேவையில்லை. பனிக்கூழில் மணக்கும் வெனிலாவும் ஓர் ஆர்க்கிடின் காயே. மெக்சிகோவிலிருந்து ரீயூனியன் தீவிற்குக் கொண்டுவரப்பட்ட வெனிலாக் கொடி அங்கே பூத்தது. ஆயின், மகரந்தம் சேர்க்கும் பூச்சி அத்தீவில் இல்லாமையால் காய்க்கவில்லை. 1841ஆம் ஆண்டில் எட்மண்ட் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், பூவிலுள்ள மெல்லிய தடுப்பை ஒரு சிறு குச்சியால் விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் வழியைக் கண்டறிந்தான். இன்றும் தோட்டங்களில் கையாளப்படுவது அம்முறையே. அதனால் செல்வம் பெற்றோர் பலர். எட்மண்டோ வறுமையில் இறந்தார்.

‘அழகிய செடி ஒன்றைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?’ என்று சிலர் கேட்பர். இதற்கு நான் உடன்படேன். ஆர்க்கிடின் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவைச் சேமித்து வைத்திராதது. உரிய பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் காட்டில் அது முளைக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருந்தும் செடியாக வளர்பவை மிகச் சிலவே. அவையும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். தென்னிந்தியாவில் அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வாழும் மஞ்சள்நிறச் செருப்பு ஆர்க்கிடை, வணிகத்திற்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்த்தனர். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. செருப்பு ஆர்க்கிடுகளையும் நீல வாண்டாவையும் காட்டிலிருந்து எடுப்பதைச் சட்டமே தடுக்கிறது.

அரிய செடியைக் கண்டால் அது நிற்கும் இடத்தை இணையத்தில் வெளியிடுவதும் தவறு என்பேன். திருடுவோருக்கு அது வழிகாட்டும் பலகையாகிவிடும். உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்: எந்த நாள், எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிழலா வெயிலா, என்ன பூச்சி வந்தது. கைப்பேசியில் படம் எடுக்கும் முன் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் இதழ்களை எண்ணுகிறோம்.

நீங்கள் வாழும் ஊரில் அப்பூவை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்று தோட்டக்காரரிடமோ அண்டை வீட்டுப் பாட்டியிடமோ கேட்டு, அப்பெயரைத் தமிழ் எழுத்தில் குறித்துவையுங்கள். பல ஆர்க்கிடுகளுக்குத் தமிழில் வழக்குப் பெயர் இல்லை. அவற்றின் நிறத்தையும் வடிவையும் மணத்தையும் உங்கள் சொந்தத் தமிழிலேயே எழுத வேண்டியிருக்கும். விடுமுறையில் தமிழ்நாட்டிற்குச் செல்வோர், சேலத்தை அடுத்த ஏற்காட்டில் உள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்திற்கு அக்குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்லலாம்.