பிளானை ஏற்றினால் பிளக் நிற்குமா?

அப்பா அம்மா ஊத்தங்கரையில், பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளில் அல்லது பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. பொங்கலுக்கு வரும் மகன் கீசருக்கும் வாசல் விளக்குக்கும் ஸ்மார்ட் பிளக் மாட்டிவிட்டு, அங்கிருந்தே போட்டு அணைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மாதம் முடிவதற்குள் செயலியில் 'ஆஃப்லைன்' என்று வந்து நிற்கிறது. யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நெட் ஸ்பீடு பத்தல, பிளான ஏத்துங்க." கேபிள்காரர் சொல்கிறார், செல்போன் கடையில் சொல்கிறார்கள், கஸ்டமர் கேரில் இனிய குரலில் சொல்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் தவறு.

ஒரு பிளக்குக்கு எவ்வளவு இணையம் வேண்டும்? 'போடு', 'அணை', 'இருக்கிறேன்' இவ்வளவுதான் அது பேசும் பேச்சு. சில நூறு பைட்டுகள். இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் பேசும் எம்க்யூடிடி என்ற மொழி, 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க எழுதியது. பாலைவனத்தில் கிடக்கும் குழாயிலிருந்து, காசைக் கொட்ட வேண்டிய செயற்கைக்கோள் இணைப்பு வழியே, எவ்வளவு குறைவாகப் பேசினால் போதும் என்று கணக்குப் பார்த்து உருவாக்கியது. அதை ஓட்டுவதற்கு 100 எம்பிபிஎஸ் போதவில்லை, 300 வேண்டும் என்று நமக்கு விற்கிறார்கள்.

செயற்கைக்கோள் வரை போவானேன்? ஊத்தங்கரையைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளில் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே ஓட்டும் விவசாயியைக் கேளுங்கள். சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர். வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமே தருகிறது. ஒரு போன் கால், இல்லையென்றால் 160 எழுத்துக்குள் அடங்கும் ஒரு எஸ்எம்எஸ், அதுவும் பழைய 2ஜி சிக்னலில். மோட்டார் ஓடுகிறது. அவரிடம் யாரும் ஸ்பீடு பத்தவில்லை என்று சொல்லவில்லை.

ஆதாரமாக ஸ்பீடு டெஸ்ட்டைக் காட்டுவார்கள். ரவுட்டருக்கு அருகில் நின்று போனில் முள்ளை ஓடவிட்டு, "பாருங்க சார், 92 வருது" என்பார்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டியை ஒட்டி மாட்டியிருக்கும் பிளக்கைப் பற்றி அந்த எண் என்ன சொல்லும்? போனில் முழு சிக்னல் காட்டுவதும் பாதிக் கதைதான். திருவிழா ஒலிபெருக்கி நம் வீடு வரை கேட்கும். நாம் வாசலில் நின்று கூப்பிட்டால் மேடையில் இருப்பவருக்குக் கேட்காது. ரவுட்டர் உரக்கப் பேசுகிறது. விரல் நுனியளவு ஆன்டெனா உள்ள பிளக்கின் பதில் அதன் காதில் விழ வேண்டுமே. ஃபைபர் வயர் நுழையும் இடத்தில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைத்துவிட்டுப் போவது வயரை மிச்சப்படுத்துவதற்காக. வேறு காரணம் எதுவும் கிடையாது.

பெரிய பிளானோடு வரும் புதிய ரவுட்டரால் நிலைமை மோசமாவதும் உண்டு. விலை குறைந்த பிளக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பது ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் கொண்டுவந்த இஎஸ்பி8266 போன்ற சிப். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். புதிய ரவுட்டரோ 2.4க்கும் 5க்கும் ஒரே பெயரை வைத்து, யாரை எங்கே அனுப்புவது என்று தானே முடிவு செய்கிறது. சிலவற்றில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு மட்டும் போட்டு வைத்திருப்பார்கள். பழைய சிப் வாசலிலேயே நின்றுவிடும். "5ஜி ரவுட்டர் சார்" என்று கடையில் சொல்லும்போது வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸைச் சொல்கிறார்களா, செல்போனின் 5ஜியைச் சொல்கிறார்களா என்பது சொல்பவருக்கே தெளிவில்லை. பிளக்குக்கு இரண்டுமே பயன்படாது.

அந்த 2.4இலும் நெரிசல். இந்தியாவில் 2005 ஜனவரியில் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட அலைவரிசை அது. ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பத்து ரவுட்டர்கள் அந்த மூன்றில் முட்டிக்கொள்ளும்போது, நம் ரவுட்டரை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடவிடுவது வேகம் என்ற பெயரில் நாமே வாங்கும் வினை. 20க்குக் குறைத்து, காலியான சேனலில் நிறுத்தினால் போதும். பிளானில் ஒரு ரூபாய் கூட்ட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மாலையில் விடுகிறார்கள். கரண்ட் வந்ததும் பிளக் சில நொடிகளில் விழித்து வைஃபையைத் தேடுகிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம். நல்ல பிளக் விடாமல் தேடும். மட்டமானது சில முறை பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மழைக்காலத்தில் கரண்ட் ஒரே சீராகவும் வருவதில்லை. வந்து, போய், வந்து, போய்த்தான் நிற்கும். சில ஸ்மார்ட் பல்புகளில் அடுத்தடுத்து மூன்று முறை அணைத்துப் போட்டால் பழைய இணைப்பை மறந்துவிடும்படியே வைத்திருக்கிறார்கள். ரீசெட் செய்ய வசதியாம்! நம் ஊர் மின்சாரம் அந்த வேலையைத் தானே செய்து கொடுத்துவிடுகிறது. ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். நீண்ட மின்தடையில் அதுவும் படுத்துவிடும்தான். ஆனால் நாளுக்குப் பல முறை நடக்கும் அந்தச் சிமிட்டல்களை அது தாங்கும்.

"நான் பிளான் மாற்றினேன், சரியாகிவிட்டதே" என்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை. பிளான் மாற்ற வந்தவர் புதிய ரவுட்டர் வைத்தார், அதை ஹாலின் நடுவுக்குக் கொண்டுவந்தார், பிளக்கைக் கழற்றி மறுபடி இணைத்தும் கொடுத்தார். அந்த மூன்றும் செய்த வேலைக்கு எம்பிபிஎஸ் பெயர் வாங்கிக்கொண்டது. வேகம் உண்மையிலேயே தேவைப்படுகிற இடமும் இருக்கிறது: வீட்டில் நாலைந்து சிசிடிவி கேமராக்கள் இரவு பகலாக வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோடு நிரம்பித் திணறும். அங்கே கேட்க வேண்டியது கூடுதல் அப்லோடு. கேமராவுக்காக, பிளக்குக்காக அல்ல.

இன்னொன்றை விற்பவர் யாரும் சொல்வதில்லை. ஹாலில் உட்கார்ந்து ஹாலில் உள்ள பிளக்கை அணைத்தாலும், பெரும்பாலான செயலிகளில் அந்தக் கட்டளை எங்கோ இருக்கும் நிறுவன சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் கருவி நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பில்லாமல் சர்வரை நிறுத்தியது. பெல்கின் நிறுவனம் தன் வீமோ வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31உடன் ஆதரவை நிறுத்துவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. கிகாபிட் இணைப்புக்குக் காசு கட்டிக்கொண்டிருந்த வீடுகளும் அந்தப் பட்டியலில்தான் இருந்தன.