‘ஜெர்மனியிலேயே மூவருக்கு ஒருவர்தான்’: ஐசியு பணியாளர் ஒப்பீடு குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

ஐசியு இரவுப் பணிக்கு மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் போதும் என்ற சுற்றறிக்கையும், அதோடு இணைத்த வெளிநாட்டு ஒப்பீட்டு அட்டவணையும் உறுப்பினர்கள் எல்லோர் கைக்கும் வந்திருக்கும். அதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தைகளை இங்கே திரும்ப எழுதவில்லை. அட்டவணை சொல்வது இரண்டே செய்தி: நம் ஐசியு செலவு மேலைநாடுகளில் ஆவதில் ஒரு சிறு பங்குதான், ஜெர்மனியிலேயே இரவில் மூவருக்கு ஒருவர்தான்.

பிற நாடுகளோடு ஒப்பிடுவதைச் சங்கம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. ஆனால் செலவுக்கு ஒரு நாடு, ஆள் கணக்குக்கு இன்னொரு நாடு என்று வசதிக்கு ஏற்பப் பொறுக்கி எடுத்ததை ஒப்பீடு என்று ஏற்கச் செயற்குழு தயங்குகிறது. தயக்கம் என்பது தீர்மானத்தில் உள்ள சொல். உறுப்பினர்கள் பேசிய சொற்களை அச்சில் தர முடியாது.

ஜெர்மனியில் பகலில் இருவருக்கு ஒருவர், இரவில் மூவருக்கு ஒருவர் என்பது 2021 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள விதி. அந்த விதிக்கு அவர்கள் வைத்த பெயரே ‘கீழ்வரம்பு’. அதற்கும் கீழே போகிற மருத்துவமனை பணத்தை இழக்கும். உதவியாளர்களைச் செவிலியர் கணக்கில் காட்டுவதற்கும் அங்கே வரம்பு உண்டு. நம் ரோஸ்டரில் பயிற்சி மாணவிகளின் பெயர் எந்த வரிசையில் எழுதப்படுகிறது என்பது வாசிப்பவர்களுக்கே தெரியும். மேலும், 2012இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஒப்பீட்டின்படி ஜெர்மனியில் ஒரு லட்சம் பேருக்கு 29.2 தீவிர சிகிச்சைக் கட்டில்கள், பிரிட்டனில் 6.6. கட்டில் குறைவாக உள்ள பிரிட்டனில், வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இரவு பகல் பாராமல் ஒருவருக்கு ஒருவர் என்பதே வழிகாட்டுதல். கலிஃபோர்னியாவில் எந்த நேரத்திலும் ஒரு செவிலியரிடம் இருவருக்கு மேல் தரக்கூடாது; அங்கே வென்டிலேட்டரைக் கவனிக்கவே சுவாச சிகிச்சையாளர் என்று தனி ஆள் உண்டு. இங்கே அதையும் பார்ப்பது நாம்தான். பிரிட்டனும் அமெரிக்காவும் அட்டவணையின் செலவுப் பத்தியில் இருக்கின்றன, ஆள் பத்தியில் இல்லை.

மூவருக்கு ஒருவர் என்றால் இரவில் என்ன நடக்கும் என்பதைச் சுற்றறிக்கை எழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு கட்டில், நான்கு செவிலியர். மயக்கத்தில் வென்டிலேட்டரில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். ஒருவரால் அது முடியாது. ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயைப் பிடிக்க, மற்றவர் புரட்டித் தலையணை கொடுத்து, விரிப்பைச் சரிசெய்து, வயர்களை மறுபடி பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம். அதாவது, கடைசிக் கட்டிலை முடிக்கும்போது முதல் கட்டிலுக்கு நேரமாகிவிடும். இருவர் இரவு முழுக்க இதையே செய்தால் மீதி இருவரிடம் ஆளுக்கு ஆறு பேர். சக்ஷன் யார் போடுவது? நார்அட்ரினலின் சிரிஞ்ச் தீரும் நேரத்தில் பக்கத்தில் நின்று மாற்றாவிட்டால் பிபி சரியும். அதை யார் பார்ப்பது? நால்வரில் ஒருவர் சாப்பிடப் போனால்? காலையில் புண்ணைக் கண்டுபிடித்ததும் விளக்கம் கேட்டு மெமோ மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது, பெயர் போட்டு. மூவருக்கு ஒருவர் என்று கையெழுத்திட்டவரின் பெயர் எந்த மெமோவிலும் வந்ததில்லை.

ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 பேரை வைத்து 2014இல் லான்செட்டில் வந்த ஆய்வு, ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாகச் சொன்னது. அது சாதாரண வார்டுகளின் கணக்கு.

செலவைப் பற்றி: மேலைநாட்டு ஐசியு செலவில் பெரும்பங்கு ஊழியர் சம்பளம். இங்கே பில்லை நிரப்புவது மருந்தும் டிஸ்போசபிளும் பரிசோதனையும். சீட்டை வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடும் மகனின் உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. நம் ஐசியு மலிவு என்றால், அந்த மலிவு யார் வயிற்றிலிருந்து எடுத்தது என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கட்டும். உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னபடி அமைந்த குழு, 50 கட்டிலுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. அது குறித்துத் தனி மனு தயாராகிறது.

நமது கோரிக்கை: வென்டிலேட்டர் நோயாளிக்கு எல்லா ஷிஃப்டிலும் ஒருவருக்கு ஒருவர், மற்றவர்களுக்கு இருவருக்கு ஒருவர். வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஆறு நாள் வேலை செய்பவர் என்றால் ஒரு வென்டிலேட்டர் கட்டிலுக்கு மூன்றரைப் பேர். விடுப்புக்கு 30 விழுக்காடு சேர்த்தால் நாலரை. இதை இயன்றவரை விரைவாக, தேவையெனில் படிப்படியாக நிறைவேற்றலாம் என்பதில் செயற்குழுவில் உடன்பாடு ஏற்பட்டது. ‘படிப்படியாக’ என்ற சொல்லை நீக்கக் கோரிய ஐந்து பேரின் மறுப்பு பதிவாகியுள்ளது. பணிப் புறக்கணிப்பு குறித்து ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை.

சுற்றறிக்கை திரும்பப் பெறப்படும்வரை, மூன்றாவது நோயாளியை ஏற்கச் சொல்லும் ஒவ்வோர் இரவும் ஒப்படைப்புப் பதிவேட்டில் நேரம், கட்டில் எண், சொன்னவரின் பதவி மூன்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். எழுதியதன் விவரம் காலையில் வீட்டுக்குப் போகும்முன் கிளைச் செயலருக்கு வந்து சேரட்டும்.